அளவு நாற்பத்திரண்டு

என் அறைக் கதவின் பின்னால்
ஒரு கோட்டு சூட்டு தொங்குகிறது.
சாம்பல் நிறம். அளவு நாற்பத்திரண்டு.
சுப்பீரியர் தெருவில், பழந்துணி விற்கும் தேவாலயக் கடையில்
பதினோரு டாலருக்கு வாங்கியது.
சிறையின் ஆரஞ்சு உடுப்போடு
ஜூரியின் முன் யாரையும் நிறுத்தக் கூடாது
என்கிறது சட்டம்.
வேறு உடுப்பு எங்கிருந்து வரும் என்பதைச்
சொல்லாமல் விட்டுவிட்டது.

ஒன்பது குளிர்காலம். முப்பத்தொரு பேர்.
ஆர்வோ ஹக்கலாவுக்குக் கை குட்டை.
மணிக்கட்டுகள் வெளியே நீள,
ஒரே கோடையில் வளர்ந்துவிட்ட பள்ளிப் பையன்போல்
உட்கார்ந்திருந்தார், ஐம்பத்தெட்டு வயதில்.
இருபத்திரண்டு ஆண்டு விதித்தார்கள்.
லெவி போப்ரேவுக்குத் தோள் தொளதொளத்தது.
முதுகுப்பக்கம் காகிதக் கிளிப்பு போட்டு இறுக்கினேன்.
"திரும்பாதே, தெரிந்துவிடும்" என்றேன்.
அதை அவன் எப்படி எடுத்துக்கொண்டானோ,
பின்வரிசையில் தாய் பெயர் சொல்லிக் கதறியபோதும்
திரும்பவே இல்லை.

அந்த மாதிரி ஆட்களுக்காக எப்படி வாதாடுகிறாய்?
எல்லோரும் கேட்கிறார்கள்.
பல் மருத்துவர்கூட,
இரண்டு கையையும் என் வாய்க்குள் விட்டுக்கொண்டு.
நல்லவேளை.

பதிலெல்லாம் வைத்திருக்கிறேன்.
விருந்துக்கு ஒன்று, விமானத்தில் பக்கத்து இருக்கைக்கு ஒன்று.
என் மகள் சிக்னே மட்டும் இதுவரை கேட்டதில்லை.
காலையில் அவளுக்குக் கழுத்துக் கம்பளி கட்டிவிடும்போது
கை பாதியில் நின்றுவிட்டது.
முந்தின இரவு
பதினேழு புகைப்படங்கள் பார்த்திருந்தேன்.
அளவுகோல் வைத்து எடுத்தவை.
"அம்மா, பஸ் வந்துடுச்சு" என்றாள்.
முடிச்சை அவளே போட்டுக்கொண்டாள்.

போன பிப்ரவரியில் ஜெயித்தேன்.
ஒரே சாட்சி, தெருவிளக்கு எரியாத இரவு,
அவள் கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்த இரவு.
என் வேலை அந்தக் கண்ணாடியைப் பற்றிக் கேட்பது.
கேட்டேன். நான்கு விதமாகக் கேட்டேன்.
நான்காவது முறை அவள் தன்னையே சந்தேகித்தாள்.
அந்த முகம் மாறியதை
பத்தடி தூரத்திலிருந்து பார்த்தது நான்தான்.
டேரல் நீமி என்னைக் கட்டிக்கொண்டான்.
சிறைச் சோப்பு வாசனை.
செய்தானா என்று நான் கேட்டதில்லை,
அவனும் சொன்னதில்லை.

வெளியே மைனஸ் இருபத்தொன்பது.
ஏரியிலிருந்து புகை எழுந்துகொண்டிருந்தது.
என் கார் கிளம்பவில்லை.
சாவியைத் திருப்பத் திருப்ப
எலும்பு நொறுங்குவதுபோல் ஒரு சத்தம்.
அப்போது ஒரு பழைய டிரக் வந்து
மூக்கோடு மூக்கு உரச நின்றது.
இறங்கியது அவள்.
இறந்தவனின் அக்கா. சாட்சி. கோரின்.
இப்போது கண்ணாடி போட்டிருந்தாள்.
பேசாமல் என் காரின் முகப்பைத் தூக்கி
சிவப்புக் கம்பியை, பிறகு கறுப்பை மாட்டினாள்.
இந்த ஊரில், இந்தக் குளிரில்,
யாரையும் அப்படியே விட்டுப் போகமாட்டார்கள்,
அவ்வளவுதான்.
"இப்போ திருப்பு" என்றாள்.
பிடித்துக்கொண்டது.
நன்றி என்று சொல்ல வாய் எடுத்தேன்.
அவள் கம்பிகளைச் சுருட்டிக்கொண்டு போயிருந்தாள்.
வீடு வரைக்கும் ரேடியோ போடவில்லை.
கராஜில் எஞ்சினை அணைக்கப் பயமாக இருந்தது.

இன்று கோட்டைச் சலவைக்குக் கொண்டுபோனேன்.
பாவ் வாங் பைகளைத் துழாவி
மேசைமேல் வைத்தார்:
ஒரு இருமல் மிட்டாய்த் தாள்,
பென்சிலால் பன்னிரண்டு கட்டம் போட்டு
இரண்டில் மட்டும் "சிரிச்சாங்க" என்று எழுதிய துண்டு,
ஒரு பல்லின் உடைந்த ஓரம்.
கையைத் தூக்கி அக்குளை விளக்கில் காட்டினார்.
உள்துணி உப்புப் பூத்து இற்றுப்போயிருந்தது.
"உங்க வீட்டுக்காரருக்கு ரொம்பப் படபடப்போ?
இப்படி வேர்க்கிறவரை நான் பார்த்ததில்லை.
இது போதும்மா, தூக்கிப் போட்டுடுங்க."

ஆமாம், கொஞ்சம் பயந்த சுபாவம் என்றேன்.
உள்துணி மட்டும் மாற்ற முடியுமா?
திங்கட்கிழமை வேண்டும்.
கை ஓரத்தை ஒரு அங்குலம் இறக்கிவிடுங்கள்,
இந்தத் தடவை ஆள் உயரம்.